இருளாயி சிரித்த நிறம்

பீடோர்,
1926, பங்குனி

அன்புள்ள மகள் வீரம்மாவுக்கு,

அம்மன் புண்ணியத்தில் நானும் உன் மகள் இருளாயியும் நலம். சித்தியவானில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டு ஐயாவு.

இருளாயியின் உடம்பு ஒரே நிறத்தில் நின்றுவிட்டதா, நின்றால்தான் என் மாமியார் வீட்டார் பிள்ளையை ஏற்பார்கள், வந்து கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். நிற்கவில்லை அம்மா. கோபம் வந்தால் மங்குஸ்தான் தோல் ஊதா. வெட்கம் வந்தால் ரப்பர் கொழுந்துச் செம்பு. சிரித்தால் மைனா மூக்கு மஞ்சள். பிறந்த அன்று மருத்துவச்சி பயந்துபோய், பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாளே, அதே பிள்ளைதான்.

நீ அனுப்பிய பவுடரைப் பூசிப் பார்த்தேன். கூச்சத்தில் சிரித்தாள், பவுடரை மீறி மஞ்சள் வந்துவிட்டது. மிச்சத்தை மாட்டுக் கொம்புக்குப் பூசினேன். மாடு அழகாயிருக்கிறது.

இங்கே நடந்ததைக் கேள். திருவிழாவுக்காக அம்மன் முகத்துக்கு வண்ணம் பூச, கோப்பெங்கிலிருந்து சதாசிவம் வந்தான். கங்காணி பெண்சாதி பக்கத்திலேயே நின்று, "நல்லா செவப்பா பூசு லா, லயத்துக் கூலி மூஞ்சி மாரி வேணாம்" என்றாள். இருளாயியைப் பார்த்து, "தள்ளிப் போ புள்ள, சாயம் திரிஞ்சிரும்" என்றாள். அந்நேரம் ஆடு ஒன்று சாயச் சட்டியில் வாயை விட்டு, நீலத் தாடியோடு அவள் சேலையில் போய் முட்டியது. இருளாயி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சதாசிவம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். "அண்ணே, ஈப்போ கடையெல்லாம் தேடியும் கிடைக்காத மஞ்சள் இது. புள்ளய சிரிக்க வச்சுக்கிட்டே இருங்க" என்றான். ஆடு மாதிரி கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவன் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் சாயம் கலந்து அம்மன் முகத்தில் பூசினான். நேற்று அம்மனுக்குக் கண் திறந்தார்கள். "தாயே, என்ன களை!" என்று முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டவள் கங்காணி பெண்சாதிதான். உன் மகள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னும் மஞ்சளானாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அம்மா நினைப்பு வருதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். ஆனால் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மழை மேக நிறம் ஏறியது.

வெள்ளிக்கிழமை திருவிழா. பவுடர் வேண்டாம், வெறுங்கையோடு வா. உன்னைக் கண்டால் பிள்ளை என்ன நிறமாவாள் என்று எனக்கே தெரியாது. அதை ஒருமுறை நான் பார்த்துவிட வேண்டும்.

அம்மன் உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அப்பா,
சீனி (கைநாட்டு)