மேனேஜருக்கு எந்தெந்த ஊசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நாங்களும் அப்படித்தான் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர இந்த முறை மனம் வரவில்லை, முழுக்கப் படி.

நம் நாய் மேனேஜருக்கு வருஷாந்திர ஊசி போடும் நேரம் வந்தது. நாய்க்கு வயசாகிவிட்டது, கண்டதையும் போட்டு வதைக்க வேண்டாம், எது நிஜமாகவே தேவை என்று கேட்டுப் போடுங்கள் என்று போனில் சொன்னாயே, அதனால் சனிக்கிழமை நானும் அப்பாவும் சேர்ந்தே கூட்டிப்போனோம். வாசலில் வருகிறவர் போகிறவரையெல்லாம் முறைத்து விசாரிக்கிறவன், மேஜையில் ஏற்றியதும் என் கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். டாக்டரம்மா பொறுமையானவர். வெறிநாய்க்கடி ஊசியில் பேரமே கிடையாது, "அது அவனுக்கு மட்டுமில்லம்மா, உங்களுக்கும் சேர்த்துதான்" என்றார். குடலையும் நுரையீரலையும் தாக்கும் நோய்களுக்கான கூட்டு ஊசி போன வருஷம் போட்டதே இன்னும் தாங்கும், இப்போது வேண்டாம். எலிக்காய்ச்சலுக்கு என்ன செய்வது, தேங்கின தண்ணீரில் இவன் வாய் வைப்பானா என்று கேட்டார். "பின்பக்கச் சாக்கடையிலதான் இவரு ஆபீஸே" என்றார் அப்பா. சிரித்தோம், அதையும் போடச் சொன்னோம். கடைசியாக மூக்கில் விடும் இருமல் மருந்து. பல நாய்கள் இருக்கும் விடுதியில் கொண்டுபோய் விடுவதாக இருந்தால்தான் அது தேவை, வீட்டோடு கிடக்கிறவனுக்கு வேண்டியதில்லை என்றார். நான் முந்திக்கொண்டு, "நாங்க எங்க போகப்போறோம், அது வேணாம் டாக்டர்" என்றேன். அப்பா மேனேஜரின் காதைத் தடவிக்கொண்டே, "இல்ல, அதையும் மூக்குல விட்டுடுங்க டாக்டர்" என்றார். எதுக்குங்க என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், "நீயும் ஆஸ்பத்திரியில என்கூட உட்கார்ந்துட்டா இவனை யாரு பார்த்துக்குவா" என்றார்.

அப்படித்தான் பாப்பா எனக்கே தெரிந்தது. அப்பாவுக்கு இதயக் குழாயில் அடைப்பாம், நெஞ்சைத் திறந்து செய்ய வேண்டுமாம், அடுத்த மாதம் நாள் குறித்தாகிவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் சாயங்கால வகுப்பை விட்டுவிட்டேன், ஆள் வருவதில்லை என்று அவர் சொன்னதெல்லாம் இதற்காகத்தான். நாய் விடுதியைக்கூட நேரில் போய்ப் பார்த்திருக்கிறார், படுக்க மெத்தை போடுவீர்களா, ராத்திரி ஒரு விளக்காவது எரியுமா என்று கேட்டிருக்கிறார். என்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. திரும்பும்போது காரில் அழுதேன். "ஏய், ரோட்டைப் பார்க்க விடுடி" என்று அதட்டினார். உனக்குத் தெரியக் கூடாதாம், "அவ போட்டது போட்டபடி ஓடி வருவா" என்கிறார். இதை மறைக்க என்னால் ஆகாது.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பாவிடம் பேசும்போது முதலில் நாயைப் பற்றியே கேள், மீதியை அவரே சொல்வார். எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் வாழ வேண்டும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அந்த மூக்கு மருந்தை விட அன்று நான் சம்மதிக்கவில்லை. விடுதியில் சேர்ப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பே விட்டாக வேண்டும், மாதக் கடைசிக்குள் முடிவு பண்ணுங்கள் என்றிருக்கிறார் டாக்டரம்மா. வர முடியாது என்றால் தப்பாக நினைக்க மாட்டேன், ஒரு வார்த்தை சொல், மேனேஜரைக் கூட்டிப்போய் மருந்தை விட்டுவிடுகிறேன். நீ வந்தால் அவனுக்கு அது தேவைப்படாது.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா