மழை விழுந்ததும் எல்லோரும் போனை எடுத்தார்கள்

என் அன்பு யோகா,

இந்த ராத்திரி நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பிள்ளை கயல் இப்போதுதான் கண் அயர்ந்தாள். அவள் மூச்சைக் கேட்டபடியே எழுதுவதால் எழுத்துக் கோணினாலும் பொறுத்துக்கொள்.

இன்று ஹட்டனில் படம் பார்த்தேன். நம்பமாட்டாய், மெய்யியலாளர்களைப் பற்றிய ஆவணப்படம். நம் பாடத்தில் வந்த செத்துப்போனவர்கள் இல்லை. இப்போது உயிரோடு இருந்து யோசித்துக்கொண்டிருக்கிறவர்கள். தீபாவளிப் படத்துக்கு இடிபட்டு டிக்கெட் எடுத்தோமே, அதே தியேட்டர்தான். கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் சிலர் ஒழுங்கு செய்து, திரையின் அடியில் தமிழில் எழுத்தும் போட்டிருந்தார்கள்.

நாம் ஒரே அறையில் இருந்து மெய்யியல் படித்தபோது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூடக் கேட்பார், "அதப் படிச்சி என்னம்மா வேல எடுப்பீங்க?" என்று. "யோசிக்கிற வேலண்ணே, பென்சனும் இருக்கு" என்பாய். படித்தது பிறகு எதற்கு உதவியது? நீ லிந்துலையில் டீச்சரானாய். நான் உன் அண்ணனைக் கட்டி நோர்வூட்டுக்கு வந்தேன். அதையும் நீதான் பேசி முடித்தாய்.

இன்றைக்கும் நான் போவதாக இல்லை. உன் அண்ணன்தான் விரட்டினார். "யோகா இருந்தா ஒன்னய வீட்ல விட்டிருப்பாளா? வெயிலு அடிக்குது, போய்ட்டு வா. புள்ளய நானும் அம்மாவும் பாத்துக்குறோம்."

தியேட்டரில் பாதிக்குமேல் காலி. எனக்கு முன்வரிசையில் இரண்டு பேர், சண்டைப் படம் என்று நினைத்து வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார், "என்னடா, பேசிக்கிட்டே இருக்காங்க, சண்ட இல்லயா?" மற்றவர், "நல்லாப் பாரு, வாயாலயே போடுறாங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு என் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாரைப் பார்க்கத் திரும்பினேன், சொல்லு?

படத்தில் ஒரு பெண் வந்தார். நரைத்த தலை, மாடியில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசினார். ஆபத்து எவ்வளவு பெரியது என்று தெரியாதபோது மனிதர் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். நான் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன் யோகா. இந்தக் கேள்விக்காகவே என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அவர் பூவாளியைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. தியேட்டர்க் கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. எழுத்து ஓடியது, வாசித்திருக்கலாம். ஆனால் நான் கூரையைத்தான் பார்த்தேன். தலையைத் தாழ்த்தியபோது தியேட்டர் முழுக்க வெளிச்சம். எல்லோர் கையிலும் போன். ஆளாளுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் பேசுகிறார்கள். "அங்க மழ எப்படி?" "கெளம்பிட்டீங்களா?" "ஆத்தாவத் தூக்கிக்கிட்டு எறங்குங்க!" சண்டை கேட்டவர் எழுந்து நின்று, "மாட்ட அவுத்துவிடு, மாட்ட அவுத்துவிடுன்னு சொல்றேன்" என்று கத்தினார். திரையில் அந்த அம்மா பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தார்.

நானும் வீட்டுக்குப் போன் எடுத்தேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ போன பிறகு, இந்த மாரி மழையில், நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தேயிலை மேட்டில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. கை நுழைகிற அகலம். கிராம சேவகர் வந்து பார்த்தார். மழை பிடித்தால் வீட்டில் தங்காதீர்கள், பாடசாலை மண்டபத்துக்குப் போய்விடுங்கள் என்றார். எங்களுக்கு வேறு இடம் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். மேலிடத்துக்கு அறிவித்திருக்கிறாராம்.

ஆகவே மழை பிடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறோம், விட்டால் வருகிறோம். மண்டபத்தில் வெறும் சீமெந்துத் தரை. கயலுக்கு வீசிங் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை பிடித்தார்கள். "பிள்ளையக் குளிர்ல படுக்க வைக்காதீங்க" என்றார் டொக்டர். வீட்டில் படுக்க வைத்தால் மலை. மண்டபத்தில் படுக்க வைத்தால் மூச்சு. நான் எதற்குப் பயப்படுவது யோகா?

லிந்துலையில் உங்களுக்கும் இதுதானே நடந்தது. மூன்று இரவு கோயிலில் போய்ப் படுத்தீர்கள். நாலாம் நாள் பின்னேரம் எனக்குப் போன் எடுத்தாய். "இன்னக்கிப் போகலடி. மூணு நாளாப் போறோம், என்னத்த நடந்துச்சு? இடுப்பு செத்துப்போச்சு" என்றாய். லயம் முழுக்க அப்படித்தான் அலுத்துப்போய் வீட்டிலேயே படுத்தது. மேடு இறங்கியது அன்றைக்குத்தான். நான் அந்தப் பக்கத்தில் "சரிடி, நல்லாத் தூங்கு" என்றேன்.

உன் அண்ணன் போனை எடுத்தார்.

"ஏங்க, அங்க மழ பிடிச்சிருச்சா? கயலத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க."

"நான் ரெடியாத்தான் நிக்கிறேன். அம்மா வரமாட்டேங்குது."

"ஏனாம்?"

"மூணு நாளாப் போறோம், என்னத்த நடந்துச்சுங்குது."

யோகா, தாயும் மகளும் ஒரே சொல்லைச் சொல்வீர்களா? போன் நழுவிச் சீட்டுக்கடியில் விழுந்துவிட்டது.

அதைத் தடவி எடுப்பதற்குள் படம் முடிந்துவிட்டது. "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று ஒரு தம்பி மைக்கோடு வந்தார். பஸ்ஸைப் பிடித்து ஓட வேண்டிய நான் கை தூக்கினேன். "போனாலும் பிள்ளைக்கு ஆபத்து, இருந்தாலும் ஆபத்து. அந்த அம்மா இதற்கு என்ன பதில் சொன்னார்? மழையில் எனக்குக் கேட்கவில்லை" என்றேன். அந்தத் தம்பி, "நல்ல கேள்வி அக்கா" என்றார். பிறகு, மஸ்கெலியா பக்கம் போகிறவர்கள் முதலில் கிளம்புங்கள், பாதையில் மண் விழுந்திருக்கிறதாம் என்று அறிவித்தார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் வீட்டிலும் மழைதானே.

நான் வந்து சேரும்போது இங்கே தூறலாகிவிட்டது. உன் அண்ணன் கயலைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். உன் அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அத்த, இன்னக்கி ஒரு நாளைக்குப் போய்ப் படுப்போம்."

"நீ புள்ளயத் தூக்கிட்டுப் போ. நான் ஏன் தடுக்குறேன்?"

"ஒங்கள விட்டுட்டு எப்படிப் போறது?"

"எம் மக மேல விழுந்த மண்ணு, எம் மேல விழுந்தா மட்டும் கனக்குமா?"

மூன்று வருஷம் மெய்யியல் படித்தவள், சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து விரித்தேன். உன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா இருக்கிற வீட்டைவிட்டு அவர் வரமாட்டார்; கேட்டுப் பார்க்கவும் எனக்குத் தைரியமில்லை. தூறல்தானே என்று இன்றைக்கு எல்லோரும் இங்கேயே படுத்திருக்கிறோம். அவர்கள் தூங்குகிறார்கள். எனக்குத் தூக்கம் இல்லை.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். மழை பலத்தால், அது எத்தனையாவது இரவாக இருந்தாலும், அலுப்பென்று நான் படுக்கமாட்டேன். கயலைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். உன் மருமகளுக்கு மூச்சு முட்டினால் இரவெல்லாம் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் இவர்கள் இரண்டு பேரையும் உள்ளே விட்டுவிட்டு வாசற்படியைத் தாண்ட எனக்குக் கால் வருமா, தெரியவில்லை.

நான் கூப்பிட்டால் உன் அம்மா வரமாட்டார். நீ கூப்பிட்டால் வருவார். என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் எழுது, வேறொன்றும் வேண்டாம். வெளியே தூறல் தடிக்கிறது. சீக்கிரம் பதில் போடு.

ஒரு நாளும் நீ 'அண்ணி' என்று கூப்பிடாத,
உன் அண்ணி
சுகந்தி