மலைமேல் வைக்காத ஷார்ட்கட்

கீபோர்டைத் துடைத்தேன். ஆல்ட் பட்டனில் மட்டும் விபூதி அப்பியிருந்தது. உன் கட்டைவிரல்தான். கோயிலிலிருந்து நேராக வந்து என் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாய். கையைத் துடைக்கச் சொன்னால், "அண்ணாமலையார் விபூதி அக்கா, மிஷினுக்கும் நல்லதுதான்" என்பாய்.

ஓரகத்திகளாக இந்தக் குடும்பத்துக்கு வந்தவர்கள் நாம். பௌர்ணமி அன்னதானக் கணக்கு என் பொறுப்பு. எழுதிவிடுவேன், எந்த ஃபோல்டரில் வைத்தேன் என்று தேடுவதுதான் பெரும்பாடு. "ஏன்க்கா உள்ள உள்ள பூந்து தேடுறீங்க? ஆல்ட்டை அமுக்கிட்டே ஃபோல்டரை இழுத்து வெளிய விடுங்க. அது அங்கயேதான் இருக்கும், வழி மட்டும் இங்க வந்துடும்" என்றாய்.

இழுத்து விட்டேன். ஸ்கிரீனில் இருந்த மலைப் படத்தின் உச்சியில் போய் விழுந்தது. "ஐயோ, சாமி தலையிலயா வெப்பீங்க!" என்று நீ பதற, நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து நம் ஷார்ட்கட் எல்லாம் அடிவாரத்தைச் சுற்றித்தான், கிரிவலம் போகிற வரிசையில். "இதுக்குள்ளயும் சுத்த ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று உன் மாமா, அதான் என் வீட்டுக்காரர், கிண்டல் செய்தார்.

நீ கண்ணை மூடிய பிறகு 'பாட்டு' என்ற ஷார்ட்கட் மட்டும் திறக்கவில்லை. மலை சுற்றும்போது நீ பாடும் பாட்டுகளை என் வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்தாயே, அது. உன் வீட்டுக்காரர் தினமும் வந்து நின்றார். "அண்ணி, அவ குரல் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. பாருங்களேன்." வழி கண்முன்னால் இருந்ததால், பொருளும் உள்ளே இருக்கிறது என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

இன்று அதன்மேல் ரைட் கிளிக் செய்து, எங்கே போகிறது என்று படித்தேன். F என்று ஆரம்பித்தது. பென் டிரைவ் சொருகினால் வருகிற எழுத்து.

"தம்பி, அவ பென் டிரைவை எங்க வெப்பா?"

"சாமி ரூம்ல, கற்பூர டப்பால ஏதோ இருக்குது அண்ணி."

ஓடிப்போய் எடுத்து வந்தார். சொருகிப் பார்த்தேன், பாட்டு இருந்தது. முதல் வேலையாக முழு ஃபோல்டரையும் இந்தக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். இனி எதற்கும் வழியை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கமாட்டேன்.

பிறகு முதல் பாட்டைத் திறந்தேன். பாட்டு வரவில்லை, நீதான் பேசினாய்: "அக்கா, ஃபேனை நிறுத்துங்க, சத்தம் ஜாஸ்தியா வருது."

உன் வீட்டுக்காரர் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.