சர்வருக்கு ரெஸ்ட்

சார்,

கேன்டீன் அண்ணன் டீ கேனைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிறார். இஞ்சி வாசம் அவருக்கு முன்னால் வந்துவிடுகிறது. அது வந்தால் உங்கள் ஞாபகமும் கூடவே வரும். பாசத்தில் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

உங்கள் இரங்கல் கூட்டம் இதே குன்னூர் ஆபீசில்தான் நடந்தது. "மக கல்யாணத்தத் தவிர சார் லீவே போட்டதில்லீங்க. அவர் ஆபீஸ்ல இருந்த நாள்ல கம்ப்யூட்டர் சர்வர் படுத்ததே இல்லீங்க" என்றார் ஒருவர். "நம்மளுக்கெல்லாம் பதினோரு மணி டீ வாங்கிக் குடுத்த மனுசனுங்க" என்று கண்ணைத் துடைத்தார் அக்கவுண்ட்ஸ் அக்கா. பூத்தட்டு என்னிடம் வந்தது. ஓர் இதழைக் கிள்ளிப் போடக்கூட மனம் வரவில்லை. தட்டை அப்படியே அடுத்தவரிடம் தள்ளிவிட்டேன்.

எமரால்டு தோட்டங்களிலிருந்து வரும் பச்சைத் தேயிலை லாரி ஒவ்வொன்றின் எடையும் நம் சர்வரில் ஏற வேண்டும். தினமும் பதினோரு மணிக்கு நீங்கள் எழுந்து நிற்பீர்கள். "எல்லாரும் லாக் அவுட் பண்ணிட்டு டீ குடிக்கப் போங்க. சர்வருக்கும் ரெஸ்ட் வேணுமில்லீங்க?" நாங்கள் சிரித்துக்கொண்டே போவோம். ஆள் இல்லாத ஆபீசில் நீங்கள் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டது யாருக்கும் உறைக்கவில்லை.

மகள் கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போனீர்களே, அன்று அந்த ரெஸ்ட் கொடுக்க ஆளில்லை. மதியம் சர்வர் உறைந்து போனது. கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசைகட்டின. மூட்டைக்குள்ளேயே இலை சூடேறி வீணாகிப்போனது. திரும்பி வந்ததும் மேனேஜர் முன்னால் என்னைக் கைகாட்டினீர்கள். "இந்த அம்மிணி புதுசா ஒரு புரோகிராம் எழுதிப் போட்டாங்களே, அதுலதானுங்க ஓட்டை. மெமரி பூரா லீக் ஆகுது."

"ஒரு தடவை நானே மெமரியைத் திறந்து பாத்துடறேனுங்க சார்" என்று கெஞ்சினேன்.

"மொதல்ல உங்க ஓட்டைய அடைங்க அம்மிணி!"

எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் ஓட்டை மேடம். புரோகிராம் எழுதும் வேலையைப் பிடுங்கி, லாரி எங்கே வருகிறது என்று போனில் கேட்கும் வேலைக்கு என்னைத் தள்ளினீர்கள். அருவங்காடு பஸ்ஸில்கூட ஒருத்தர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டுக்குப் போய் அழுதேன்.

நீங்கள் போனபின் பாஸ்வேர்டு என் கைக்கு வந்தது. முதல் வேலையாக மெமரியைத் திறந்து பார்த்தேன். நான் எழுதியதில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் எழுதியதுதான், எடை ஏற்றி முடிந்த லாரியின் விவரம் ஒன்றைக்கூட விடாமல் மெமரியில் பிடித்து வைத்திருந்தது. சாப்பிட்டு எழுந்து போனவர்களின் இலையை எடுக்காமல் பந்தி நடத்தியிருக்கிறீர்கள். அடுத்தவர் எங்கே உட்காருவார்? புரோகிராமின் தலையில் உங்கள் பெயர், இனிஷியலோடு. ஓட்டை உங்களுடையது என்று உங்களுக்குத் தெரியும் சார். தெரிந்துதான், சர்வரை நிறுத்தி மெமரியைக் காலிசெய்ய, தினமும் எங்களை டீ குடிக்க அனுப்பினீர்கள்.

சரிசெய்தேன். அதன்பின் சர்வர் ரெஸ்ட் கேட்கவே இல்லை. எல்லாரையும் கூட்டி, உங்கள் பெயர் இருந்த அந்தப் பக்கத்தைப் பெரிய திரையில் போட்டேன். எல்லாரும் எட்டி எட்டிப் படித்தார்கள். கடைசியில் அக்கவுண்ட்ஸ் அக்காதான் கேட்டார்.

"அதெல்லாஞ் சரிங்க மேடம். அப்ப நம்ம டீ?"

இதற்காகவா இத்தனை நாள் காத்திருந்தேன் என்று பற்றிக்கொண்டு வந்தது. டீ இனி வேண்டியதில்லை என்று நான் சொல்லிவிடுவேனா என மேனேஜர் வேறு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ உண்டுங்க. சாரோட ஓட்டைய நெனச்சு எல்லாரும் நல்லாக் குடிங்க" என்றேன்.

மறுநாளே டீக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது கேன்டீன் அண்ணன் படியிலிருந்தே குரல் கொடுக்கிறார்: "ஓட்டை டீ ரெடிங்க!" என்னை யாரும் ஓட்டை மேடம் என்று கூப்பிடுவதில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகள், வடிகட்டியில்தான் ஓட்டை போல என்று நினைக்கிறார்கள். விடுவேனா? உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்கிறேன், உங்கள் இனிஷியலோடு.

டீ நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் புரோகிராம் பிடித்து வைத்திருந்த லாரிகளை எல்லாம் விட்டுவிட்டேன் சார். உங்களை விடுவதாக இல்லை.