முழங்கைப் பட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் மழையில் சாப்பாடு கொண்டுபோகும்போது ஒரு வளைவில் வண்டி லேசாகச் சறுக்கிவிட்டது. பயப்படாதீர்கள். வண்டி ஓட்டும்போது போடும் ஜாக்கெட்டின் கைதான் கிழிந்தது, எனக்குக் கீறல்கூட இல்லை. அதில் முழங்கை வரும் இடத்தில் உள்ளே ஒரு தடித்த பட்டை இருக்கும், அடியை அது வாங்கிக்கொண்டது.

அந்தப் பட்டை என்னுடையது இல்லை அம்மா. வெயிலில் வேகிறதென்று என்னுடையதை உருவி எங்கோ தொலைத்துவிட்டேன். அன்று வானம் இருட்டியதும், என் அறையில் தங்கியிருக்கும் மீசை அண்ணன் தன் ஜாக்கெட்டில் இருந்ததை எடுத்து என்னுடையதில் திணித்தார். "உங்க அம்மாவுக்கு நீ ஒரே புள்ளடா. எங்க வீட்ல எனக்குப் பின்னாடி ரெண்டு பேர் இருக்கானுங்க" என்று சிரித்தார்.

எனக்குப் பின்னால் தன் வண்டியில் வந்த அண்ணனும் அதே வளைவில் விழுந்தார். ஜாக்கெட் அவர் தோலைக் காப்பாற்றியது. வலது முழங்கை எலும்பு நொறுங்கிவிட்டது. இனி மடங்காது என்கிறார் டாக்டர். வண்டி ஓட்ட முடியாதவரைக் கம்பெனி ஊருக்கு அனுப்புகிறது.

நாளை முதல் அறையில் நான் மட்டும்தான். ஒரு வரியாவது பதில் எழுதுங்கள். அவரை ஏற்றிப்போக வாசலில் கார் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறாரே, அவர்தான். தன் கவனக்குறைவு என்றுதான் சொல்வார். உட்காரவைத்துச் சோறு போடுங்கள். அவராகக் கேட்கமாட்டார், இடது கைப்பக்கம் ஒரு ஸ்பூன் வைத்துவிடுங்கள்.

உங்கள் ஒரே பிள்ளை