எந்த ஏர் கன்னை வைத்துக்கொள்வது?

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம் என்று எழுதச் சொல்கிறார் உன் அப்பா. பாதி நலம் என்று நான் எழுதுகிறேன், மீதியைப் படித்துத் தெரிந்துகொள். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், குழந்தைக்கு இருமல் விட்டதா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே நீ.

முதலில் அப்பா கேட்கச் சொன்னது. தோட்டத்தில் முட்டைக்கோசை முயல்கள் மொட்டையடித்துவிட்டன. அதற்காக மீசைக்காரர், அதுதான் அப்பாவோடு படித்த துப்பாக்கிக் கடைக்காரர், பழைய ஏர் கன் இரண்டு கொடுத்தனுப்பியிருக்கிறார், சுட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிட வேண்டுமாம். இரண்டுமே உள்ளே ஸ்பிரிங் வைத்தவை. ஒன்று குழலையே கீழே மடக்கிக் குண்டு போடுவது, எடை குறைவு, தகர டப்பாவை வரிசையாக வைத்துச் சுட்டு விளையாடத் தோதானது, ஆனால் சுட்டதும் கையில் துள்ளுகிறது. மற்றது குழலுக்கு அடியில் இருக்கும் தண்டை இழுத்து ஸ்பிரிங்கை இறுக்குவது, தூக்கினால் தோள் கழன்றுவிடும், ஆனால் குழல் ஆடாமல் அசையாமல் நிற்பதால் குறி பிசகாது, முயலுக்கு அதுதான் சரி என்கிறாராம் மீசைக்காரர். அப்பாவோ, ரெண்டுலயும் ஸ்பிரிங் செத்துப்போச்சு, மீசைக்காரன் குப்பையை என் தலையில கட்டப் பாக்கறான் என்கிறார். நீ கிளப்பில் சுட்டுப் பழகியவன், எதை வைத்துக்கொள்வது என்று உடனே எழுதுவாயாம்.

இனி நான் எழுதுவது. அவர் மாடிக்குத் தூங்கப் போய்விட்டார். உனக்கு எப்போதும் தன் கையால்தானே எழுதுவார், இந்த முறை ஏன் என்னை எழுதச் சொன்னார்? கை நடுங்குதாம். துப்பாக்கி பிடிக்கும்போது நடுங்காத கை பேனாவைப் பிடித்தால் மட்டும் நடுங்குமா? அவர் சுட்டதெல்லாம் குறி தப்புவதற்கு எனக்கு முதலில் மீசைக்காரர் மேல்தான் சந்தேகம், பிறகு அவர் கொடுத்த குண்டுகள் மேல். அதனால் அப்பா குறி வைத்துச் சுட்ட டப்பாக்களுக்குப் பின்னால் சாத்தியிருந்த பலகையைப் போய்ப் பார்த்தேன். டப்பாக்களில் ஒரு கீறல் இல்லை. பலகையில் விழுந்த ஓட்டையெல்லாம் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி. இந்தத் துப்பாக்கியில் சுட்டாலும் இடது, அந்தத் துப்பாக்கியில் சுட்டாலும் இடது. இரண்டும் பேசி வைத்துக்கொண்டா தப்பும்?

போன வாரம் கொடியிலிருந்து என் சாம்பல் நிறத் துண்டு பாத்தியில் விழுந்து கிடந்தது. அசையாதே, முயல் வந்திருக்கு என்று கிசுகிசுத்துக் குறி பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் ஓடிப்போய்த் துண்டை எடுத்து உதறினேன். தெரியும்டி, சும்மா உன்னைச் சீண்டிப் பாத்தேன் என்று சிரித்தார். ஆனால் அவர் விரல் விசையில் இருந்ததை நான் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்தெடுக்க வருவது அந்தப் பாத்திக்குத்தான்.

இன்றைக்கு அவர் முடி வெட்டப் போன நேரம் பார்த்து நானே சுட்டேன். நீ சிரிப்பாய், சிரி. ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, மடித்த போர்வை மேல் கையை வைத்துத் தளர்வாகத் தாங்க வேண்டும் என்று அவர்தான் நாள் முழுக்கப் பாடம் எடுக்கிறாரே, அப்படியே செய்தேன். இலேசானதில் சுட்டேன், டப்பா விழுந்தது. கனமானதை இரண்டு கையாலும் மல்லுக்கட்டி இழுத்துச் சுட்டேன், அதுவும் விழுந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துப்பாக்கி இரண்டும் நன்றாக இருக்கின்றன, அவர் கண்தான் சரியில்லை. விடுமுறை முடிந்ததும் அந்தக் கண்ணோடு வேன் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார்.

உன் மேலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. கடைசியாக வந்தபோது ஒரு நாள்கூட அப்பாவை வண்டி ஓட்ட விடவில்லை நீ. அவர் ஓய்வெடுக்கட்டும் என்றாய், நானும் பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போனேன். உனக்கு அப்போதே தெரியுமா? தெரிந்தும் சொல்லாமல் விமானம் ஏறினாயா? அதற்குப் பதில் எனக்கு வேண்டும். நான் கண் டாக்டர் பேச்சை எடுத்தாலே பக்கத்து அறைக்குப் போய்விடுகிறார். நீ சொன்னால் கேட்பார், பள்ளி திறப்பதற்குள் பேசு. வேன் சாவியை என் தையல் பெட்டியில் பட்டன்களுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன், அதை மட்டும் உளறிவிடாதே.

வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். இப்போது படியிறங்கி வருகிறார், கடிதத்தைக் காட்டு என்பார். காட்டுவேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

பின்குறிப்பு: மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே, ஒட்டிடு என்று சொல்லிவிட்டார்.