மாமரத்து மரவாழை

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே சாரல். கொடியில் துணி காயவில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டதாம், இலஞ்சி வரைக்கும் கார் வரிசை. ஜெராக்ஸ் கடைக்கு லேட். முதலாளி முறைத்தார். முறைக்கட்டும்.

மரவாழையில், அதான் என் ஆர்க்கிட் செடியில், மொட்டுத் தண்டு! அரிசி அளவில் ஏழு மொட்டு. மூன்று வருடத்தில் முதல் தடவை. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, செங்கோட்டை நர்சரியில் காரை நிறுத்தச் சொல்லி என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது. "பூத்தா என்னைய எழுப்பு, என்ன" என்றார், படுத்துக்கொண்டே. அது பூக்கும் முன்னால் அவர் போய்விட்டார். அண்ணன் வீட்டுக்கு என்னோடு வந்தது இதுவும் ஒரு பெட்டியும். இங்கே மாமரத்தில் கட்டி வைத்தேன்.

ஜூன் 11, புதன்

வெயில். வளர்க்கும் முறை, மறந்துபோகாமல் இருக்க:

– மண் கூடவே கூடாது. வேர் காற்றில் இருக்கணும். மலையாளத்து நர்சரிக்காரர் சொன்னது: "மண்ணில வச்சா தீர்ந்து, சேச்சீ."
– மரப்பட்டையில் கொஞ்சம் தேங்காய் நார், அதன் மேல் செடி, பருத்தித் துணியால் கட்டு.
– காலையில் மட்டும் தெளிப்பு. மழைத் தண்ணீர்தான். போர் தண்ணீர் உப்பு, இலை நுனி கருகும்.
– சாரல் நாளில் அதுவும் வேண்டாம்.
– நிழல். இருட்டு இல்லை.
– பொறுமை. (எங்கே விற்கிறது?)

மதினி அடுப்படியிலிருந்து: "ஏட்டி, அந்தச் செடிட்ட பேசுத நேரத்துல வெங்காயத்த உரிக்கலாம்லா." உரித்தேன். அழுவதற்கும் வசதி.

ஜூன் 13, வெள்ளி

சுரண்டை. பெரியம்மா மகள் வீட்டில் அவள் பெண்ணுக்குச் சடங்கு. ஞாயிறு வரை இருந்தே ஆகணுமாம். ஆரத்தித் தட்டை எடுக்கப் போனேன். "நீ அங்கன உக்காருட்டி" என்றாள். உட்கார்ந்தேன். பிறகு எதற்குக் கூப்பிட்டாளோ.

மொட்டு இன்று மிளகு அளவு வந்திருக்கும்.

ஜூன் 14, சனி

மதியம் அண்ணன் போன். "மாமரம் ரெண்டு வருசமா காய்க்கல பாத்துக்கோ. ஆள் வச்சு புல்லுருவி பூராத்தையும் வெட்டிப் போட்டாச்சு."

உயிரே போய்விட்டது. "ஐயோ அண்ணே, அது புல்லுருவி இல்ல, மரவாழை! அவுக வாங்கித் தந்தது!" கத்தினேன். வீடே திரும்பிப் பார்த்தது. அங்கே மதினி அண்ணனிடமிருந்து போனை வாங்கி, "வாழையா? மொதல்லயே சொல்லப்படாதா? பதறாத, குப்பைலதான் கெடக்கும், எடுத்து நான் பாத்துக்கிடுதேன்."

சிக்னல் போயிற்று. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. மதினி மறுபடி மரத்தில் கட்டிவிடுவாள். கறிவேப்பிலையே அவள் கையில் பிழைக்கிறது.

ஜூன் 16, திங்கள்

காலை பஸ்ஸில் இலஞ்சி வந்தேன். உட்கார இடமில்லை. மரத்தில் செடி இல்லை. வாசலில் சிமென்ட் தொட்டி. செம்மண், சாணி எரு, நடுவில் என் மரவாழை, பாதி இலை வரை புதைந்து. மொட்டுத் தண்டு இல்லவே இல்லை.

"வாழைக்கு எரு பத்தலன்னா வராதுட்டி. ரெண்டு கூடை நானே சுமந்து போட்டேன். காலைல ஒரு குடம், சாயந்தரம் ஒரு குடம்." மதினிக்கு முகமெல்லாம் பெருமை.

இந்தச் சாரலிலும் ஊற்றியிருக்கிறாள்! மரவாழை என்பது மலையாளத்துப் பேர், வாழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று இந்த வீட்டில் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. பேரை மட்டும் போனில் கத்தினேன். கிறுக்கி நான்தான்.

மதினி உள்ளே போனதும் மெல்ல இழுத்துப் பார்த்தேன். ரெண்டே நாளில் எருவின் சூட்டில் வேர் வெந்து கறுத்து, கொழகொழவென்று கையோடு வந்தது. அடித்தண்டும் அழுகல். இனி எந்த மரத்தில் கட்டினாலும் பிழைக்காது. இலை மட்டும் பச்சை. இன்னும் பத்து நாளைக்கு அப்படியே நிற்கும். திரும்ப மண்ணில் செருகி வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

சாரல். காஸ் பதியணும்.

தொட்டிப் பக்கம் மதினி குடத்தோடு நின்றாள். கண் கலங்கியிருந்தது. "ஒன் மாப்பிள்ள வாங்கித் தந்ததுன்னு தெரிஞ்சா வெட்ட விட்டிருப்பேனாட்டி? சொல்லு, தழைச்சிரும்லா?"

"தழைச்சிரும் மதினி."

குடத்தை என்னிடம் நீட்டினாள். வாங்கி ஊற்றினேன்.